கல் நிற்கிறது, பெயர் போய்விட்டது

அன்புள்ள ஐயா,

வணக்கம். எங்களுக்குத் தாராபுரம் பக்கம் ஒரு கிராமம். என் அப்பாரு (அப்பாவின் அப்பா) பட்டாளத்தில் டிரைவராக இருந்தவர். 1971 போரில் கிழக்கு எல்லையில் லாரி ஓட்டினார். போன மாசியில் தவறிவிட்டார். ஊரில் எல்லோரும் அவரை மிலிட்டரிக்காரர் என்றுதான் கூப்பிடுவார்கள். ஆனால் அங்கே என்ன செய்தார் என்று யாருக்கும் தெரியாது, எங்களுக்கும்தான். கேட்டால் "அதெல்லாம் எதுக்குச் சாமி இப்ப" என்பார். டிரங்குப் பெட்டியில் இரண்டு பதக்கங்களும் டிஸ்சார்ஜ் புத்தகமும் இருக்கின்றன. கூடவே வேலை பார்த்த ஒருவர் வெள்ளகோவிலில் இருக்கிறார், அவருக்குக் காது சரியாகக் கேட்காது. பெரியப்பா தோட்டத்தில் அப்பாருவுக்குச் சிலை வைக்கலாம் என்கிறார். சிலை வைத்தால் நினைவு நிற்குமா? இவர்கள் எல்லோரும் போன பிறகு இதையெல்லாம் யார் நினைத்துக்கொள்ளப் போகிறார்கள்?

(பெயர் வெளியிட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கைக்கு,

உங்கள் அப்பாருவுக்கு என் வணக்கம்.

சிலையைப் பற்றிக் கேட்டீர்கள். நம் பக்கம் பல ஊர்களில் புலிகுத்திக் கல் உண்டு. பட்டிக்குள் புகுந்த புலியோடு மல்லுக்கட்டிச் செத்தவனுக்கு நட்ட கல். ஆயுதம் ஏந்திய ஆள், பாயும் புலி, அவ்வளவுதான். பல கற்களில் எழுத்தே கிடையாது. இன்றைக்கும் எண்ணெய் பூசிப் பொங்கல் வைக்கிறோம். அவன் யார், யாருடைய மகன் என்று கேட்டால் பூசாரிக்கும் தெரியாது. சாமி ஆக்கிவிட்டோம், ஆளை விட்டுவிட்டோம். தொல்காப்பியம் நடுகல்லைப் பற்றிச் சொல்லும்போது கல்லைத் தேடிக் காண்பதில் தொடங்கி வாழ்த்தில் முடிக்கிறது. நட்டால் மட்டும் போதாது, அவன் செய்ததை வாய்விட்டுச் சொல்லவும் வேண்டும் என்று அன்றைக்கே தெரிந்திருக்கிறது. பெரியப்பாவைத் தடுக்க வேண்டாம். ஆனால் சிலைக்கு முன்னால் செய்ய வேண்டிய வேலை ஒன்று இருக்கிறது.

முந்தைய தலைமுறையை நாம் ஏறக்குறைய முழுசாகவே இழந்துவிட்டோம். இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படையில் இருந்தவர்கள் சுமார் 25 லட்சம் பேர். 87,000 பேருக்கு மேல் உயிரோடு திரும்பவில்லை. கொங்கு நாட்டிலிருந்தும் போனார்கள். ஆனால் அவர்கள் நின்றது வெள்ளைக்காரன் கொடியின் கீழ். 1942 ஆகஸ்டில் சூலூர் விமானதளத்துக்குத் தீ வைத்தவர்களைத் தியாகிகள் என்று போற்றினோம், போற்றத்தான் வேண்டும். அதே ஆண்டு பர்மாவிலிருந்து காடும் மலையும் நடந்து பின்வாங்கி வந்த சிப்பாயிடம் "என்னப்பா ஆச்சு" என்று கேட்க யாருக்கும் மனம் வரவில்லை. சுதந்திரத்துக்குப் பிறகு அவன் கதையைச் சொல்ல இடமே இல்லாமல் போயிற்று. இது எனக்குத் தீராத வருத்தம்.

ரங்கூனுக்கு வடக்கே தௌக்கியானில் ஒரு நினைவிடம் இருக்கிறது. கல்லறை எங்கே என்று தெரியாத கிட்டத்தட்ட 27,000 பேரின் பெயர்களை அங்கே பொறித்திருக்கிறார்கள், பெரும்பாலோர் இந்தியப் படையினர். காமன்வெல்த் போர்க் கல்லறை ஆணையத்தின் இணையதளத்தில் அந்தப் பெயர்களைத் தேடலாம். பல பதிவுகளில் அப்பா பெயர், ஊர், மாவட்டம் எல்லாம் இருக்கும். தேடும்போது பழைய மாவட்டத்தைப் போட வேண்டும். ஈரோடு 1979-இல்தான் பிரிந்தது, திருப்பூர் 2009-இல். 1979-க்கு முன் எல்லாம் கோயம்புத்தூர்தான். ஊர்ப் பெயரின் ஆங்கில எழுத்துக்கூட்டல் கண்டபடி இருக்கும், வாய்விட்டுப் படித்தால் எந்த ஊர் என்று பிடிபட்டுவிடும். உங்கள் ஊர்ப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஒரு மதியத்தில் உட்கார்ந்து தேடட்டுமே.

அப்புறம் 1971. அன்றைக்கு இருபது வயதில் போனவர் 1951-இல் பிறந்தவர். கணக்குப் போட்டுப் பாருங்கள், எவ்வளவு காலம் மிச்சம் இருக்கிறது என்று தெரியும். டிசம்பர் 3-இல் தொடங்கி 16-இல் டாக்காவில் முடிந்தது, பாகிஸ்தான் தரப்பில் சுமார் 93,000 பேர் சரணடைந்தார்கள் என்பதெல்லாம் எந்தப் புத்தகத்திலும் கிடைக்கும். பாலம் உடைந்த ஆற்றை லாரி எப்படித் தாண்டியது, ராத்திரி விளக்கைப் போடாமல் எப்படி ஓட்டினார்கள், போகும்போது என்ன ஏற்றினார்கள், வரும்போது யாரை ஏற்றி வந்தார்கள் என்பது வெள்ளகோவில்காரருக்குத்தான் தெரியும். காது கேட்காவிட்டால் கேள்வியைப் பெரிய எழுத்தில் தாளில் எழுதிக் காட்டுங்கள். அப்பாரு படத்தையும் பதக்கங்களையும் எடுத்துப் போங்கள். "எத்தனை பேரைச் சுட்டீங்க" என்று மட்டும் யாரும் கேட்டுவிட வேண்டாம். அப்பத்தா இருந்தால் அவரையும் உட்கார வைத்துக் கேளுங்கள். மணியார்டரும் கடுதாசியும் வராத வாரங்களில் தந்திக்காரன் சைக்கிளைப் பார்த்து நடுங்கிய பெண்களின் போரை யாரும் எழுதவில்லை.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1987 முதல் 1990 வரை இலங்கைக்குப் போன அமைதிப்படையில் ஆயிரம் பேருக்கு மேல் இறந்தார்கள். திரும்பியவர்களிடம் இங்கே யாரும் எதுவும் கேட்கவில்லை. அங்கே நம் மக்கள் பட்ட பாட்டை நினைத்தால் எனக்கு அந்தப் போரில் உடன்பாடே கிடையாது. ஆனாலும் கட்டளைப்படி போய்விட்டு வந்த ஒருவர் பக்கத்துத் தோட்டத்தில் முப்பது வருஷத்துக்கும் மேலாக வாய் திறக்காமல் இருக்கிறார் என்றால், நம் கோபத்தை அவர் மேல் காட்டியிருக்கிறோம் என்றுதான் அர்த்தம். அவரிடமும் போய் உட்கார வேண்டும். கசப்பாகத்தான் பேசுவார். அதையும் அப்படியே எழுத வேண்டும்.

டிஸ்சார்ஜ் புத்தகத்தை ஒரு பக்கம் விடாமல் படம் எடுத்து, வீட்டில் இரண்டு மூன்று பேர் போனில் வைத்துக்கொள்ளுங்கள். பதக்க விளிம்பைத் துணியால் துடைத்துப் பாருங்கள், பெரும்பாலும் படை எண்ணும் பெயரும் இருக்கும். பாலீஷ் போட்டுத் தேய்க்காதீர்கள், எழுத்து போய்விடும். சிலை வைப்பதானால் பீடத்தில் "மாவீரர்" என்று மட்டும் போடாமல் அந்த எண், பிரிவு, சேர்ந்த ஆண்டு, இருந்த இடங்கள், ஓட்டிய வண்டி எல்லாவற்றையும் பொறிக்கச் சொல்லுங்கள். தோட்டத்தைவிடப் பள்ளிக்கூட வாசல் நல்ல இடம். பெரியப்பாவிடம் பேசிப் பாருங்கள்.

முதலில் இந்த ஞாயிற்றுக்கிழமையே வெள்ளகோவில் போய்விட்டு வாருங்கள். அவர் சொல்வதை எழுதி எனக்கும் அனுப்புங்கள். அவருக்குச் சம்மதம் என்றால் இங்கேயே வெளியிடுகிறேன்.