டர்பன் வெயிலில் 12 பேருக்குக் கிறிஸ்துமஸ் விருந்து: எதை, எப்போது சமைப்பது?

கேள்வி: தென்னாப்பிரிக்காவின் டர்பனுக்குக் குடிவந்து இது முதல் கிறிஸ்துமஸ். மதியச் சாப்பாட்டுக்கு 12 பேர் வருகிறார்கள். பாதிப் பேர் இந்து உறவினர்களும் அக்கம்பக்கத்தாரும். ஊரில் செய்கிற மாதிரி பிரியாணி, வறுவல், கேக் போதுமா? இந்த வெயிலில் எது தாங்கும், எது கெடும்?

பதில்:

25-ஆம் தேதி காலையில் அடுப்பில் ஒரு பானைதான் இருக்க வேண்டும். மற்றதெல்லாம் முந்தின நாளே முடிந்து ஃப்ரிட்ஜுக்குள் போயிருக்கட்டும். டிசம்பரில் இங்கே வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளை வாட்டும். பத்து மணிக்கு ஓவனைப் போட்டால் பன்னிரண்டு மணிக்கு அடுக்களையில் நிற்க முடியாது, மேசையில் இருக்கும் கிரீமும் நிற்காது. ஆட்டுக்காலோ கோழியோ ரோஸ்ட் செய்தே ஆக வேண்டுமென்றால் 24 ராத்திரி செய்து, குளிரவைத்து, மறுநாள் மெல்லிய துண்டுகளாக அறுத்து அப்படியே பரிமாறுங்கள்.

சமைக்கும் முன் காலண்டரைப் பாருங்கள். கிறிஸ்துமஸ் செவ்வாயிலோ வெள்ளியிலோ விழுந்தால், உங்கள் இந்து விருந்தாளிகளில் சிலர் அன்று கவிச்சி தொடமாட்டார்கள். மார்கழி வேறு பிறந்திருக்கும். ஒவ்வொருவரிடமும் முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். மாட்டிறைச்சி, பன்றித் தொடை இரண்டையும் விட்டுவிட்டு ஆடு, கோழியோடு நின்றால் மேசையில் யாரும் கை நீட்டத் தயங்கமாட்டார்கள்.

அந்த ஒரு பானை பிரேயானி. பெயரை இங்கே அப்படித்தான் சொல்வார்கள், பண்டமும் கொஞ்சம் வேறுதான். அரிசியோடு தோல் நீக்காத முழு மைசூர்ப் பருப்பு, பெரிய உருளைக்கிழங்குத் துண்டுகள், அவித்த முட்டை எல்லாம் சேரும். கடையில் பிளாக் மசூர் என்று கேளுங்கள். அது இல்லாமல் வைத்தால் டர்பன்காரர் ஒருவராவது "பருப்பு எங்கே?" என்று கேட்பார்.

12 பேருக்கு அளவு: எலும்போடு ஆட்டுக்கறி இரண்டரை கிலோ, பாஸ்மதி ஒன்றேகால் கிலோ, பிளாக் மசூர் 300 கிராம், உருளை 1 கிலோ, வெங்காயம் 1 கிலோ, முட்டை 12, துருவிய தக்காளி 4, இஞ்சி பூண்டு விழுது 4 மேசைக்கரண்டி, மசாலாப் பொடி 4 மேசைக்கரண்டி, நெய் 150 கிராம், பச்சைமிளகாய், புதினா, மல்லி, கறிவேப்பிலை, இரண்டு கொத்து தைம் என்ற வாசனைத் தழை. தைமைப் பார்த்து முகம் சுளிக்க வேண்டாம். இங்குள்ள இந்தியச் சமையலில் அது கறிவேப்பிலைக்குப் பக்கத்து வீடு. மசாலா தீர்ந்திருந்தால் விக்டோரியா தெரு மார்க்கெட்டில் காரம் எவ்வளவு வேண்டும் என்று சொல்லி வாங்கலாம்.

தயிருக்குப் பதில் அமாசி, அதாவது இங்குள்ள புளித்த பால், அரை லிட்டர். சூப்பர்மார்க்கெட்டில் மாஸ் என்றும் எழுதியிருக்கும். தயிரைவிடத் தண்ணியாக, புளிப்பு தூக்கலாக இருக்கும். கறியை அமாசி, இஞ்சி பூண்டு, மசாலா, 2 மேசைக்கரண்டி உப்பு போட்டுப் பிசறி 24 ராத்திரியே ஃப்ரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

கறி வாங்கும்போது முத்திரையைக் கவனியுங்கள். தென்னாப்பிரிக்காவில் ஆட்டின் வயதைப் பொறுத்து உடம்பின் மேல் மை உருளையால் எழுத்து உருட்டியிருப்பார்கள். ஊதா நிற ஏ என்றால் நிலைப்பல் முளைக்காத குட்டி. பச்சை நிற ஏபி, பழுப்பு நிற பி, சிவப்பு நிற சி என்று வயது ஏறும். ஏ கறி மூடி வேகவைத்தால் 45, 50 நிமிடத்தில் வெந்துவிடும். சி கறிக்கு இரண்டு மணி நேரம்கூட ஆகலாம், ஆனால் ருசி அதில்தான். எது வாங்கினீர்கள் என்று தெரியாமல் கடிகாரத்தைப் பார்த்துச் சமைப்பதால்தான் பாதி வீடுகளில் அரிசி குழைந்து கறி ரப்பராக வருகிறது. வெட்டிப் பொட்டலம் கட்டியதில் முத்திரை தெரியாது, கசாப்புக்காரரிடம் வாய்விட்டுக் கேளுங்கள்.

வெங்காயத்தை மெல்லிசாக அரிந்து மூன்று தடவையாகப் பொரியுங்கள். மொத்தமாகப் போட்டால் பொரியாது, அவியும். தேன் நிறம் வரும்போதே எடுத்துவிடுங்கள், தட்டுக்கு வந்த பிறகும் நிறம் ஏறும். அதே எண்ணெயில் மஞ்சள் தடவிய உருளையை, கத்தி முனை சிரமமில்லாமல் இறங்கும் அளவுக்குப் பொரித்தெடுங்கள். "தம்மில் வெந்துவிடும்" என்று அரைவேக்காட்டில் விட்டால் கடைசிவரை கல்லாகத்தான் இருக்கும். அமாசியும் தக்காளியும் புளிப்பு. புளிப்புக்குள் போன கிழங்கு இளகாது.

நெய்யில் பட்டை, ஏலம், கிராம்பு, பிரிஞ்சி இலை, சோம்பு, கறிவேப்பிலை, தைம் தாளித்து, தக்காளியும் பச்சைமிளகாயும் வதங்கியதும் கறியைச் சேர்த்துச் சிறு தீயில் வேகவிடுங்கள். முக்கால் பதத்துக்கு மேலே வெந்ததும், கறியைப் பூசினாற்போல ஒன்றரை, இரண்டு கப் குழம்பு நிற்க வேண்டும். அதற்கு மேல் இருந்தால் அடி அரிசி களியாகும், குறைந்தால் தம்மில் பிடிக்கும்.

பருப்பைத் தனியாக 15 நிமிடம் வேகவைத்து, தோல் பிரியாமல், நசுக்கினால் மாவாக உடையும் பதத்தில் வடியுங்கள். வடிகட்டியிலேயே பத்து நிமிடம் கிடக்கட்டும். பிரேயானி சொதசொதப்பதற்குப் பெரும்பாலும் இந்தப் பருப்பு ஒளித்து வைத்திருக்கும் தண்ணீர்தான் காரணம், பழி மட்டும் அரிசி மேல் விழும். அரிசியை அரை மணி ஊறவைத்து, லிட்டருக்கு 15 கிராம் உப்பு போட்ட கொதிநீரில் ஐந்தாறு நிமிடம். நகத்தால் கிள்ளினால் நடுவில் வெள்ளைப் புள்ளி தெரிய வேண்டும். வடித்து, பருப்போடு உடையாமல் கலந்துவிடுங்கள்.

15 லிட்டர் கனத்த பானையில் அடியில் நெய், அதன் மேல் உருளை, பிறகு கறி, பிறகு அரிசி. இடையிடையே பொரித்த வெங்காயம், புதினா, மல்லி. மேலே வெதுவெதுப்பான பாலில் கரைத்த குங்குமப்பூ. உருளையை அடியில் வைப்பது அழகுக்காக இல்லை. தீய்ந்தால் கிழங்கு தீயும், கறி தப்பும். ஃபாயில் போட்டு மூடி இறுக்கி, நடுத் தீயில் பத்து நிமிடம், பிறகு கீழே தோசைக்கல் வைத்துச் சிறு தீயில் அரை மணி. முட்டையை உரித்துக் கீறிக் கடைசிப் பத்து நிமிடத்தில் மேலே பதியுங்கள். முதலிலேயே போட்டால் மஞ்சள் கருவைச் சுற்றிச் சாம்பல் வளையம் விழும்.

நடுவில் திறந்து பார்க்காமல் காதை வைத்துக் கேளுங்கள். கும்மென்ற ஆவிச் சத்தம் நல்லது. படபடவென்று வறுபடும் சத்தம் வந்தால் உடனே தீயை அணையுங்கள். தீய்ந்த வாடை வந்தேவிட்டால் கிளறாதீர்கள், கிளறினால் முழுப் பானையும் போச்சு. பானையை ஈரத்துண்டின் மேல் ஐந்து நிமிடம் வைத்து, மேல் பாகத்தை மட்டும் வேறு பாத்திரத்துக்கு அள்ளுங்கள்.

சைவம் சாப்பிடுபவர்களுக்குச் சின்னப் பானை வேறாக. கறிக்குப் பதில் பருப்பை இரண்டு பங்காக்கி, பீன்ஸ், கேரட், பட்டாணி. கரண்டியும் வேறாக இருக்கட்டும்.

மின்வெட்டுக்கு ஒரு மாற்று ஏற்பாடு எப்போதும் இருக்கட்டும். எரிவாயு அடுப்பு இருந்தால் கவலையில்லை. இல்லாவிட்டால் முதல் பத்து நிமிடம் நன்றாக ஆவி கட்டிய பானையை அப்படியே கனத்த கம்பளியில் சுற்றி வைத்தால் மிச்ச வேலையை அந்தச் சூடே செய்யும். 2008-ல் தென்னாப்பிரிக்காவில் பிறந்த வொண்டர்பேக் என்ற துணிப்பை இந்த வித்தைதான். பானை ஆறுவதற்கு முன் சுற்ற வேண்டும், இரண்டு மணி நேரத்துக்குள் பரிமாறிவிட வேண்டும்.

கூடவே தண்ணியாக ஒரு பருப்பு, அமாசியில் வெள்ளரிக்காயும் பச்சைமிளகாயும் போட்டு, இங்கே சாம்பல் என்று சொல்கிற ஒரு பச்சடி, வினிகர் தெளித்த கேரட் துருவல். போதும். வறுவலெல்லாம் வேண்டாம்.

இனிப்புக்கு ட்ரைஃபில், அதாவது கேக், ஜெல்லி, கஸ்டர்டு என்று அடுக்கடுக்காக வைப்பது. வெயிலில் மானத்தை வாங்குவது இதுதான், அதனால் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். பாக்கெட் ஜெல்லியில் இருப்பது ஜெலட்டின். பல பாக்கெட்டுகளில் அது மாட்டிலிருந்து எடுத்தது, உங்கள் விருந்தாளிகளில் பாதிப் பேருக்கு ஆகாது. தவிர, மேசைக்கு வந்து இருபது நிமிடத்தில் அது இளகும். அகர் அகர், அதாவது நம் கடல்பாசி, இரண்டுக்கும் மருந்து. ஒரு லிட்டர் பழச்சாறுக்கு 2 தேக்கரண்டி அகர் பொடி, இரண்டு நிமிடம் தளதளவென்று கொதிக்க வேண்டும். கரையாத பொடி மணல் போல அடியில் தங்கும். சுமார் 40 டிகிரிக்கு இறங்கினாலே உறையத் தொடங்கும், எனவே ஆறும்வரை காத்திராமல் ஊற்றுங்கள். ஒருமுறை உறைந்ததை மறுபடி உருக்க 85 டிகிரி வேண்டும், டர்பன் வெயில் அதை ஒன்றும் செய்யாது. ஜெலட்டின்தான் போடுவேன் என்றால் பச்சை அன்னாசி, பப்பாளி, கிவி பக்கம் போகாதீர்கள். அவற்றிலுள்ள நொதி ஜெலட்டினை அறுத்துவிடும், ஜெல்லி உறையவே உறையாது. டின் அன்னாசி சூடாக்கப்பட்டது, அதனால் பரவாயில்லை. டிசம்பரில் தெருவோரம் எங்கும் லிச்சி விற்கும். கொட்டை நீக்கி அதையே போடுவது எல்லாவற்றையும்விட நல்லது.

கஸ்டர்டுக்கு ஒரு லிட்டர் பாலுக்கு 5 மேசைக்கரண்டி பொடி. கொதி வந்த பின்னும் ஒரு நிமிடம் கிளறுங்கள். ருசி பார்த்த கரண்டியைத் திரும்பப் பானையில் போடாதீர்கள். எச்சிலில் உள்ள நொதி மாவுச்சத்தை உடைக்கும், கெட்டியாக வைத்த கஸ்டர்டு காலையில் தண்ணியாக நிற்கும். முழுதாக ஆறிய பிறகே ஜெல்லியின் மேல் ஊற்றுங்கள். அடியில் ஸ்விஸ் ரோல், ஷெர்ரி ஒயினுக்குப் பதில் லிச்சிச் சாறு. முட்டை சேர்க்காதவர்களுக்கு டென்னிஸ் என்ற பெயரில் இங்கே விற்கும் பிஸ்கட் அடுக்கித் தனிக் கிண்ணம், பாக்கெட்டின் பின்னால் ஒருமுறை படித்துவிடுங்கள்.

பழக்கேக் செய்வதாக இருந்தால் டிசம்பர் 16 விடுமுறை நாளிலேயே சுட்டுவிடுங்கள். இந்த ஈரக்காற்றில் வெறும் பிளாஸ்டிக் பையில் வைத்தால் பூஞ்சை பிடிக்கும். வெண்ணெய்த்தாள், அதன் மேல் ஃபாயில், பிறகு டப்பா.

குடிக்க ஜிஞ்சர் பியர். 22-ஆம் தேதி தொடங்கினால் சரி. துருவிய இஞ்சி 150 கிராமும் சர்க்கரை 700 கிராமும் ஒரு லிட்டர் தண்ணீரில் கொதிக்கவைத்து, நாலு லிட்டர் ஆறின நீர் கலந்து, விரல் விட்டால் சூடும் தெரியாமல் குளிர்ச்சியும் தெரியாமல் இருக்கும்போது ஒரு தேக்கரண்டி உலர் ஈஸ்ட், இரண்டு எலுமிச்சைச் சாறு, ஒரு கை உலர்திராட்சை. சூட்டோடு போட்டால் ஈஸ்ட் செத்துவிடும், பிறகு அது வெறும் இஞ்சித் தண்ணீர். துணி கட்டி வைத்தால் ஒரு நாளில் திராட்சை மேலே மிதக்கும். அப்போது வடிகட்டி பிளாஸ்டிக் பாட்டிலில், கழுத்துவரை நிரப்பாமல் ஊற்றுங்கள். கண்ணாடி வேண்டவே வேண்டாம், வெடிக்கும். பாட்டிலை அமுக்கிப் பாருங்கள். விரல் அமுங்காவிட்டால் அந்த நிமிடமே ஃப்ரிட்ஜுக்குப் போக வேண்டும். தினம் ஒருமுறை மூடியை லேசாகத் திறந்து காற்றை விடுங்கள். கொஞ்சம் மதுவும் ஊறியிருக்கும், சின்னப் பிள்ளைகளுக்கும் மது தொடாதவர்களுக்கும் எலுமிச்சை ஜூஸ் தனியாக வைத்துவிடுங்கள்.

விருந்து முடிந்து பிரேயானியைக் கட்டிக் கொடுக்க இங்கே இரண்டு லிட்டர் ஐஸ்கிரீம் டப்பாதான் வழக்கம். கழுவி இப்போதிருந்தே சேர்த்து வையுங்கள். சாப்பிட்டு முடித்து இரண்டு மணி நேரத்துக்குள் சோறு ஃப்ரிட்ஜுக்குப் போகட்டும், சாயங்காலம்வரை பானையிலேயே விடாதீர்கள். சோற்றில் வளரும் கிருமி விட்டுப்போகும் நஞ்சு மறுபடி சூடாக்கினாலும் சாகாது. டப்பாவில் பாதியளவே நிரப்புங்கள், முழுசாக அமுக்கினால் நடுவில் வெகுநேரம் சூடு நிற்கும். முட்டையை எடுத்துவிட்டு வையுங்கள். 26-ஆம் தேதியும் விடுமுறைதான், அன்று மதியம் டப்பாவுக்கு இரண்டு கரண்டி தண்ணீர் தெளித்து மூடிச் சூடாக்கினால் அரிசி மறுபடி மலரும்.