கேள்வி–பதில்: சுண்டெலி முளையத்தைப் படம்பிடித்தல்

கர்ப்பிணிகளுக்கு எடுக்கும் ஸ்கானையே சுண்டெலிக்கும் எடுத்து, உள்ளே முளையம் வளர்வதைப் பார்க்க முடியாதா?
– உயர்தர மாணவி, ஹற்றன்

பார்க்கலாம், ஆனால் ஆஸ்பத்திரி இயந்திரம் உதவாது. வயிற்று ஸ்கானின் ஒலி 3 முதல் 5 மெகாஹேர்ட்ஸ். அதன் அலைநீளமே 0.3 மில்லிமீற்றருக்குக் குறையாது. ஒன்பதாம் நாள் முளையமோ மொத்தமே இரண்டு மில்லிமீற்றர் அளவு. ஆகவே 30–40 மெகாஹேர்ட்ஸ் ஒலி வேண்டும். அது உள்ளே ஒரு சென்ரிமீற்றர் அளவுதான் போகும். சுண்டெலிக்கு அது தாராளம். தாயின் வயிற்று மயிரை நீக்கி, சூடாக்கிய ஜெல்லைப் பூசுங்கள். மயக்க மருந்தில் கிடக்கும் எலிக்குக் குளிர்ந்த ஜெல் பட்டால் உடல்வெப்பம் இறங்கும். முளையத்தின் இதயத்துடிப்பும் கூடவே மந்தமாகும். அதைப் பிறவிக் குறைபாடென்று பதிந்துவிடக் கூடாது. கலங்களைத் தனித்தனியே பார்க்க வேண்டுமானால் முளையத்தை வெளியே எடுத்தாக வேண்டும்.

முளையத்தின் வயதை 6.5ஆம் நாள், 8.5ஆம் நாள் என்கிறார்களே, அந்த அரை நாள் என்ன கணக்கு?
– ஆசிரியர், பண்டாரவளை

சுண்டெலிகள் இரவில் கூடும். காலையில் பெண் எலியின் யோனியில் விந்து உறைந்த அடைப்புத் தெரிந்தால், நள்ளிரவில் கூடியதாகக் கொண்டு அன்று நண்பகலை 0.5ஆம் நாள் என்பார்கள். ஒரே தாயின் முளையங்களுக்குள்ளேயே வளர்ச்சி முந்திப் பிந்தி இருக்கும் என்பதால், எட்டாம் நாளுக்குப் பிறகு சோமைட்டுகளை (முதுகுநெடுகச் சோடி சோடியாகத் தோன்றும் இழையத் துண்டங்களை) எண்ணுவதே நம்பகமானது.

வெளியே எடுத்த முளையத்தை உயிருடன் படம்பிடிக்க, அதைச் சூழ்ந்த காற்றில் 5 வீதக் காபனீரொட்சைட்டு என்றே செய்முறைகளில் இருக்கிறது. நுவரெலியாவிலும் அப்படியே வைக்கலாமா?
– பட்டப்பின் மாணவர், நுவரெலியா

வைக்கக் கூடாது. அது கடல்மட்டக் கணக்கு. ஏறத்தாழ 1,870 மீற்றர் உயரத்தில் வளியமுக்கம் கடல்மட்டத்தின் ஐந்தில் நான்கு பங்குதான். வீதம் மாறாவிட்டாலும் ஊடகத்தில், அதாவது முளையம் வளரும் திரவத்தில், கரையும் வாயு அதே அளவு குறைந்து, பீ.எச். சுமார் 0.1 ஏறிவிடும். 6.3 வீதமளவில் வையுங்கள், கண்டியில் 5.3 போதும். இன்கியுபேற்றர் காட்டும் இலக்கத்தோடு நின்றுவிடாமல், ஊடகத்தை ஓரிரவு உள்ளே வைத்து, பீ.எச். 7.2–7.4 இற்குள் நிற்கிறதா என்று அளந்து பாருங்கள். எடுத்தவுடனேயே அளக்க வேண்டும்; தாமதித்தால் வாயு வெளியேறிக் கணக்குத் தப்பும். ஒட்சிசனும் குறையும்தான். எட்டாம் நாள் வரை முளையத்துக்கு அது குறையல்ல.

அங்கே பெரிய தொல்லை குளிர். நுணுக்குக்காட்டியின் நீரில் தோயும் பொருள்வில்லைக்கு உலோகக் கூடு. 15 பாகை அறையில் அது முளையத்தின் சூட்டை இழுத்துவிடும். தட்டுக்குச் சூடாக்கி இருந்தால் மட்டும் போதாது, பொருள்வில்லைக்கும் ஒன்று மாட்டுங்கள். முழுக் கருவியையும் சில மணி நேரம் முன்பே 37 பாகைக்குக் கொண்டுவாருங்கள். இல்லையேல் உலோகம் விரிய விரியக் குவியம் நகர்ந்துகொண்டே இருக்கும்.

6.5ஆம் நாள் முளையத்துக்கு றற் வகை எலியின் சீரம் பாதி, டி.எம்.ஈ.எம். என்ற கல வளர்ப்புத் திரவம் பாதி போதுமானது. முளையத்தைச் சுற்றியுள்ள றைக்கேர்ட் மென்சவ்வை உரித்தேயாக வேண்டும். விட்டால் வளரும் முளையத்தை நெரிக்கும். மேலேயுள்ள சூல்வித்தகக் கூம்பில் கத்தி படக்கூடாது. முளையத்தைப் பிடித்து நிறுத்துவதும் அந்தக் கூம்பில்தான். முழுதாக அகரோஸ் ஜெல்லில் புதைத்தால் வளர இடமின்றி உருக்குலையும். கொன்ஃபோக்கல் நுணுக்குக்காட்டி ஒவ்வொரு படத்துக்கும் முழுத் தடிப்பையும் ஒளியில் வாட்டுகிறது. ஒளித்தாள் நுணுக்குக்காட்டி பார்க்கும் தளத்தை மட்டும் ஒளியூட்டும். அமெரிக்காவின் ஜனேலியா ஆய்வு நிலையத்தார் 2018இல் 6.5 முதல் 8.5ஆம் நாள் வரை ஒரே முளையத்தைத் தொடர்ந்து படம்பிடித்தது இதனால்தான். உடன்பிறந்த முளையமொன்றை ஒளிபடாமல் அதே ஊடகத்தில் வளருங்கள். அதுவும் வளராவிட்டால் பிழை ஒளியில் இல்லை.

முளையத்தை ஒளிபுகவிடச் செய்யும் பென்சைல் அல்ககோல்–பென்சைல் பென்சோவேற்றுக் கலவையில் இட்ட முளையம் தெளிவாகாமல் பால்போல் வெளுத்துவிட்டது. ஏன்?
– ஆய்வுகூட உதவியாளர், பேராதனை

நீர் மிஞ்சியிருக்கிறது. நீரை வெளியேற்றும் 25, 50, 75, 100 வீத மெதனோல் வரிசையில் கடைசிப் படியை இருமுறை செய்யுங்கள், இரண்டாவதைப் புதிதாக உடைத்த போத்தலில். பனிமூட்டக் காலத்தில் திறந்துகிடந்த மெதனோல் காற்றின் ஈரத்தை வாங்கிவிடும். வெளுத்ததை எறிய வேண்டாம். 100 வீத மெதனோலுக்குத் திருப்பி மீண்டும் மாற்றினால் தெளியும். கலவையில் பென்சைல் அல்ககோல் ஒரு பங்கு, பென்சைல் பென்சோவேற்று இரண்டு பங்கு. பிளாஸ்ரிக் தட்டை அது கரைக்கும், கண்ணாடியே பாவியுங்கள். ஜி.எஃப்.பி. என்ற பச்சையாய் ஒளிரும் புரதத்தின் ஒளியும் இதில் அணைந்துபோகும். பிறபொருளெதிரியால் சாயமிட்ட பிறகே இம்முறைக்குப் போங்கள்.