சீரியல் பெட்டியா, பிட்டா?

கேள்வி: என் மகனுக்கு 8 வயது. காலையில் சொக்கலேட் சீரியல் இல்லாவிட்டால் எதையும் தொடமாட்டான். வைட்டமினும் இரும்புச்சத்தும் சேர்த்தது என்று பெட்டியில் போட்டிருக்கிறதே, நல்லதுதானே? எனக்கு 7 மணிக்கு பஸ், விடியவே பிட்டு அவிக்க நேரமும் இல்லை.
– ஒரு வாசகி, கோண்டாவில்

பதில்: வைட்டமின் சேர்த்தது உண்மைதான், ஆனால் அதனால் உள்ளே இருக்கிற சீனி குறைந்துவிடாதே. பெட்டியின் முன்பக்கத்துப் படத்தை விட்டுவிட்டு அட்டவணையைப் பாருங்கள். 100 கிராமுக்குச் சீனி 35 கிராம் என்று இருந்தால், ஒரு வேளைக்கு என்று அவர்கள் சொல்லும் 30 கிராமிலேயே பத்தரை கிராம், அதாவது இரண்டரைத் தேக்கரண்டிக்கு மேல். பிள்ளை தானே கொட்டினால் 30 கிராமோடு நிற்குமா? 2 முதல் 18 வயது வரையானவர்களுக்கு, சேர்த்த சீனி நாளைக்கு 25 கிராமுக்குக் கீழே இருக்கவேண்டும் என்று அமெரிக்க இருதயச் சங்கம் 2016இல் சொல்லியிருக்கிறது. பள்ளிக்கூடம் போகமுன்னரே பாதிக்குக் கிட்ட முடிந்துவிடும்.

அதற்காக, நம்மூர்ச் சாப்பாடு என்றாலே நல்லது என்றும் நான் சொல்லமாட்டேன். வெள்ளை மா இடியப்பமும் சம்பலும் மட்டும் கொடுத்தால் புரதம் மிகக் குறைவு, பாணும் ஜாமும் என்றால் அதுவும் சீனிதான். குரக்கன்மாவை அரிசிமாவோடு பாதிக்குப் பாதி கலந்து, தேங்காய்ப்பூ தாராளமாகப் போட்டு, இரவுச் சாப்பாட்டுக்கே நீத்துப்பெட்டியில் பிட்டைக் கொஞ்சம் கூடுதலாக அவித்துவிடுங்கள். மிச்சத்தைக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, காலையில் வெங்காயமும் முட்டையும் போட்டுச் சட்டியில் கொத்திக் கிளறினால் பத்து நிமிஷ வேலை. 100 கிராம் குரக்கனில் கல்சியம் 300 மில்லிகிராமுக்கு மேல், தவிட்டோடு அரைத்த மா என்றால் நார்ச்சத்தும் உண்டு. முட்டை சாப்பிடாத நாளில் இரவு ஊறவைத்த பயறு அல்லது கடலையை அவித்துத் தேங்காய்ப்பூவோடு கொடுங்கள், கதலிப்பழம் ஒன்றும் வையுங்கள்.

பெட்டியை ஒரேயடியாகப் பறித்தால் வீட்டில் சண்டைதான். முதலில் பாதிச் சீரியலுக்குச் சீனி போடாத ஓட்ஸைக் கலந்துவிடுங்கள், அடுத்த கிழமை இன்னும் குறையுங்கள், அப்புறம் சனி ஞாயிறுக்கு மட்டும் என்று வையுங்கள். இரும்புச்சத்துத்தான் உங்கள் கவலை என்றால், சாப்பாட்டோடு தேத்தண்ணி மட்டும் கொடுக்காதீர்கள், இரும்புச்சத்து உடம்பில் சேர்வதை அது குறைக்கும்.