ஒரே பிள்ளைக்கு ‘தே ஹேவ்’ சரியா?

கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு பள்ளி ஆபீசில் வேலை பார்க்கும் வாசகி கேட்டிருக்கிறார்: ‘பெற்றோருக்குப் போகும் இங்கிலீஷ் சர்க்குலரை எல்லாம் நான்தான் டைப் செய்கிறேன். பிள்ளை ஆணா பெண்ணா என்று சொல்ல முடியாத இடத்தில் தே போடுகிறேன். ஆள் ஒன்றுதானே, அப்போ தே ஹேஸ் வருமா, தே ஹேவ் வருமா? இங்கே ஆளுக்கொன்று சொல்கிறார்கள்.’

ஹேவ்தான். தே என்று எழுதிவிட்டால் அது ஒருவரைக் குறித்தாலும் ஒரு வகுப்பையே குறித்தாலும் பின்னால் ஆர், வேர், ஹேவ், டூ இவைதான் வரும், நீட் என்பதோடு எஸ் ஒட்டாது. எதிரில் நிற்பது ஒரே ஆள் என்றாலும் யூ ஆர் என்றுதானே சொல்கிறோம், அதே மாதிரிதான். நமக்கும் இது புதிது இல்லை, ‘டீச்சர் வந்தாங்களா?’ என்று கேட்டால் எத்தனை டீச்சர் என்று யாரும் திருப்பிக் கேட்பதில்லை. (பக்கத்து சீட் மலையாளிகளிடம் கேட்டுப் பயனில்லை, அவர்களுக்கு அவன், அவள், அவர் எல்லாருக்கும் ஒரே ‘வந்நு’தான்.)

சிக்கல் வேறு இடத்தில். ‘இஃப் எ ஸ்டூடன்ட் இஸ் ஆப்சென்ட், தே ஹேவ் டு பிரிங் எ லெட்டர்.’ ஸ்டூடன்ட் பக்கத்தில் இஸ், தே பக்கத்தில் ஹேவ். முன்னால் இஸ் போட்டாச்சே என்று பின்னாலும் ஹேஸ் போடத்தான் கை போகும், போடாதீர்கள், வினை தன் எழுவாயை மட்டும்தான் பார்க்கும். எவ்ரிஒன், சம்ஒன், நோபடிக்கும் இதே கதைதான்: ‘எவ்ரிஒன் ஹேஸ் பெய்ட் தெயர் ஃபீஸ், ஹேவன்ட் தே?’ ஹேஸில் ஆரம்பித்து ஹேவன்ட்டுக்குப் போகிறது, பார்த்தால் தப்பு மாதிரி இருக்கும், ஆனால் அதுதான் சரி. தன்னை தே என்றே குறிக்கச் சொல்பவர்களுக்கும் இப்படித்தான், பெயர் போட்டால் இஸ், தே போட்டால் ஆர்.

இது நேற்று வந்த ஃபேஷன் என்று யாராவது சொல்வார்கள். ஆங்கிலத்தில் 14ஆம் நூற்றாண்டிலிருந்தே ஒருவருக்கு தே போட்டிருக்கிறார்கள், 2019இல் வந்த ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கம்) எழுத்துநடைக் கையேட்டின் 7ஆம் பதிப்பும் அதை ஏற்கிறது.

உங்கள் ஹெட்மாஸ்டர் ‘ஹி ஆர் ஷி’ (அவன் அல்லது அவள்) என்றுதான் வேண்டும் என்று நின்றால் சண்டை எதற்கு, ‘ஸ்டூடன்ட்ஸ் ஹூ ஆர் ஆப்சென்ட்’ என்று பன்மையில் ஆரம்பித்துவிடுங்கள். தே இருந்தாலும் பரவாயில்லை, ஹேவா ஹேஸா என்ற வாக்குவாதம்தான் வேண்டாம் என்றால், ‘தே மஸ்ட் பிரிங்’ என்று எழுதுங்கள். மஸ்ட், ஷுட், வில் மூன்றும் யாருக்காகவும் மாறாது.