பாய்மரப் படகில் சார்ட்பிளாட்டருக்குப் பதிலாக டேப்லெட்டை வைத்தே வழி பார்க்கலாமா?

கேள்வி இதுதான்: 10 மீட்டர் பாய்மரப் படகு, கரையோரப் பயணம், சில சமயம் இரவிலும் ஓட்டம். தனியாகச் சார்ட்பிளாட்டர் (கடல் வரைபடத்தில் படகின் இடத்தைக் காட்டும் கருவி) வாங்காமல் டேப்லெட்டும் அதிலுள்ள ஜிபிஎஸ்ஸும் போதுமா, எதைக் கவனிக்க வேண்டும்?

போதும். ஆனால் எல்லாரும் பயப்படுவது செயற்கைக்கோளைப் பற்றி. டேப்லெட் கைவிடுவதோ பெரும்பாலும் வெயில், ஈரம், மின்சாரம், திரையில் படத்தைப் பார்க்கும் விதம் ஆகியவற்றால். திறந்த வானத்தின் கீழ் ஒரு சாதாரண டேப்லெட்டின் ஜிபிஎஸ் ஐந்து மீட்டர் சுற்றுக்குள் இடத்தைச் சொல்லிவிடும். அந்தப் புள்ளிக்குக் கீழே இருக்கும் வரைபடம் அவ்வளவு துல்லியமா என்பதுதான் கேட்க வேண்டிய கேள்வி.

முதலில் வாங்கும்போது. ஐபேடில் வைஃபை மட்டும் உள்ள மாடலில் ஜிபிஎஸ் சிப்பே கிடையாது. சிம் போடும் மாடலில்தான் உண்டு. சிம் போடாவிட்டாலும் அது வேலை செய்யும். ஆண்ட்ராய்டில் வைஃபை மாடல்கள் பலவற்றில் ஜிபிஎஸ் இருக்கும், மலிவானவை சிலவற்றில் இருக்காது. விவரப் பட்டியலில் ஜிபிஎஸ், கலிலியோ, குளோனாஸ் என்று தெளிவாக எழுதியிருக்கிறதா பாருங்கள். ஏற்கெனவே வைஃபை ஐபேட் கையில் இருந்தால் வீணில்லை. புளூடூத் வழியாக இணையும் ஜிபிஎஸ் ரிசீவர் ஒன்று போதும். வாங்குமுன் அது ஐபேடுக்கு ஒத்துவருமா என்று உறுதி செய்துகொள்ளுங்கள்.

வைஃபை மாடல் துறைமுகத்தில் இடத்தைச் சரியாகக் காட்டுகிறதே என்று ஏமாற வேண்டாம். அது பக்கத்திலுள்ள வைஃபை ரூட்டர்களை வைத்துப் போடும் கணக்கு. கரையை விட்டு விலகினால் புள்ளி நின்றுவிடும். படகிலேயே ரூட்டர் இருந்தால் இன்னொரு சிக்கல்: அந்த ரூட்டர் முன்பு எங்கோ ஓர் இடத்தில் பதிவாகியிருக்கும், டேப்லெட் திடீரென்று உங்களை அந்தப் பழைய துறைமுகத்துக்குத் தூக்கிப் போடும்.

இணையம் இல்லாத இடத்தில் ஜிபிஎஸ் ஏன் தாமதமாகப் பிடிக்கிறது என்று பலர் கேட்பதுண்டு. கரையில் இருக்கும்போது செயற்கைக்கோள்களின் சுற்றுப்பாதை விவரத்தை டேப்லெட் இணையத்திலிருந்து எடுத்துக்கொள்கிறது. நடுக்கடலில் அதைச் செயற்கைக்கோள் சமிக்ஞையிலிருந்தே பெற வேண்டும். ஒரு செயற்கைக்கோள் தன் பாதை விவரத்தைச் சொல்லி முடிக்க 30 விநாடி. எல்லாச் செயற்கைக்கோள்களின் பொதுப் பட்டியலும் வந்து முடிய 12.5 நிமிடம். பல நாள் அணைத்து வைத்திருந்த டேப்லெட்டை அறைக்குள் வைத்துக்கொண்டு 'ஜிபிஎஸ் கெட்டுவிட்டது' என்று முடிவு கட்டாமல், மேல்தளத்தில் வானம் தெரியும்படி கால் மணி நேரம் வையுங்கள்.

இப்போது வரைபடம். இதில்தான் படகுகள் பறிபோகின்றன.

2014 நவம்பர் 29 அன்று, வோல்வோ ஓஷன் ரேஸ் என்ற உலகப் போட்டியில் ஓடிய டீம் வெஸ்டாஸ் விண்ட் படகு, மொரிஷியஸுக்கு வடகிழக்கே உள்ள கார்காடோஸ் கராஹோஸ் பவளப்பாரில் முழு வேகத்தில் ஏறியது. படகில் இருந்த ஒன்பது பேரும் பிழைத்தார்கள். ஜிபிஎஸ் சரியாகவே இருந்தது, மின்னணு வரைபடத்தில் அந்தப் பாரும் இருந்தது. போதுமான அளவு பெரிதாக்கிப் பார்க்காததால் அது பார் என்று கண்ணில் படவில்லை. தேர்ந்த மாலுமிகளுக்கே இது நடந்திருக்கிறது.

காரணம், நாம் டேப்லெட்டில் பார்ப்பவை பெரும்பாலும் வெக்டர் வரைபடங்கள். சிறிதாக்கும்போது திரை நெருக்கியடிக்காமல் இருக்க, பாறை, ஆழ எண், மிதவை ஆகியவற்றை அவை தாமாகவே மறைத்துவிடும். அதனால் வழித்தடம் போட்டு முடித்ததும், விரலால் நகர்த்திக்கொண்டே முதல் புள்ளியிலிருந்து கடைசிப் புள்ளி வரை நன்கு பெரிதாக்கிய நிலையில் ஒருமுறை போய் வர வேண்டும். தடத்தின் மேல் மட்டுமல்ல, இருபுறமும் ஒரு கடல் மைல் அகலத்துக்கு. எதிர்க்காற்றில் நேராகப் போக முடியாமல் இடமும் வலமுமாக மாறி மாறிப் போக வேண்டிவந்தால் படகு அந்த அகலம் முழுவதும் அலையும் என்பதை நினைவில் வையுங்கள். செயலி தானாகப் போட்டுத் தரும் வழிக்கும் இதே சோதனைதான்.

மறுபக்கம், அளவுக்கு மீறிப் பெரிதாக்குவதும் தவறு. 1:50,000 அளவில் வரைந்த படத்தில் அரை மில்லிமீட்டர் கோடு என்றால் தரையில் 25 மீட்டர். அதை நீங்கள் விரலால் எத்தனை மடங்கு விரித்தாலும் புதிய தகவல் எதுவும் வந்துவிடாது, கோடு மட்டும் கூர்மையாகத் தெரியும். 'அளவு மீறியது' என்ற எச்சரிக்கை திரையில் வந்தால் அதைத் தட்டி மூடிவிடாமல் மதியுங்கள்.

வரைபடத்தின் நம்பகத்தன்மையை அதிலேயே பார்க்கலாம். ஆழ அளவீட்டின் தரத்துக்கு ஏ1, ஏ2, பி, சி, டி என்று வகை உண்டு. ஏ1 என்றால் இடப்பிழை 5 மீட்டர், ஏ2 20 மீட்டர், பி 50 மீட்டர், சி 500 மீட்டர், டி அதைவிட மோசம். 'சி' என்று போட்ட இடத்தில் பாறையிலிருந்து 100 மீட்டர் தள்ளிப் போகிறோம் என்று திரை சொன்னால் அந்த 100 மீட்டருக்கு மதிப்பே இல்லை. பல அதிகாரப்பூர்வ மின்னணு வரைபடங்களில் இந்த அடுக்கு அணைந்தே இருக்கும். அமைப்புகளில் போய் இயக்குங்கள். பழைய காகித வரைபடத்தோடு ஒப்பிடும்போது அதன் ஆதாரம் (இடங்களைக் குறிக்கும் அடிப்படை முறை) ஜிபிஎஸ் பயன்படுத்தும் டபிள்யூஜிஎஸ்84தானா என்றும் பாருங்கள். இல்லையென்றால் இரண்டுக்கும் நூற்றுக்கணக்கான மீட்டர் வித்தியாசம் வரலாம்.

எண் எழுதும் முறையிலும் ஒரு கண் இருக்கட்டும். 10 பாகை 30.50 நிமிடம் என்பதை யாரோ 10 பாகை 30 நிமிடம் 50 விநாடி என்று தட்டினால் புள்ளி 617 மீட்டர் நகர்ந்துவிடும். கடலில் வழக்கம் பாகை, தசம நிமிடம். எல்லாக் கருவிகளிலும் அதையே வைத்துவிட்டால் குழப்பம் இல்லை.

அடுத்து, திரையில் படகுச் சின்னத்துக்கு முன்னால் நீளும் கோடு. அது அணியம் (படகின் முன்முனை) பார்க்கும் திசை அல்ல, படகு தரைக்கு மேல் நகரும் திசை. கிழக்கே, அதாவது 090 பாகையில், 5 நாட் (மணிக்கு 5 கடல் மைல்) வேகத்தில் ஓட்டுகிறீர்கள்; வடக்கிலிருந்து தெற்கே 2 நாட் நீரோட்டம் இழுக்கிறது என்று வையுங்கள். கோடு 112 பாகையைக் காட்டும். இந்த வித்தியாசம் பிழை அல்ல. நீரோட்டம் எவ்வளவு இழுக்கிறது என்று ஜிபிஎஸ் உங்களுக்குத் தரும் மிக உபயோகமான செய்தி. தடத்தில் நிற்க, திசைகாட்டியில் சுமார் 24 பாகை வடக்கே திருப்பிப் பிடிக்க வேண்டும். இரண்டு எண்ணையும் ஒப்பிடுவதற்கு முன், செயலி காட்டுவது உண்மை வடக்கா, காந்த வடக்கா என்று அமைப்பில் பார்த்துவிடுங்கள். வேகம் ஒரு நாட்டுக்குக் கீழே போனால் அந்தக் கோடு கண்டபடி சுழலும், அப்போது அதை நம்ப வேண்டாம்.

மின்சாரம். திரை முழு வெளிச்சத்தில், ஜிபிஎஸ் ஓடும் நிலையில் டேப்லெட் ஏறக்குறைய 10 வாட் இழுக்கும் என்று கணக்கு வையுங்கள். 12 வோல்ட் பேட்டரியிலிருந்து அது சுமார் 0.9 ஆம்பியர், 24 மணி நேரத்துக்கு 22 ஆம்பியர்-மணி. பழைய 5 வாட் யுஎஸ்பி சாக்கெட்டில் செருகினால், சார்ஜ் ஏறுவதாகச் சின்னம் காட்டிக்கொண்டே பேட்டரி இறங்கும். 30 வாட் யுஎஸ்பி-சி சாக்கெட்டை 5 ஆம்பியர் ஃபியூஸோடு தனி வயரில் இழுங்கள்.

மலிவான 12 வோல்ட் யுஎஸ்பி அடாப்டர்கள் ரேடியோ இரைச்சல் கிளப்பும். விஎச்எஃப் (படகு வானொலி) கேட்பு மங்கும், ஏஐஎஸ்ஸில் (கப்பல்கள் தம் இடத்தை வானொலியில் அறிவிக்கும் முறை) கப்பல்கள் அருகில் வந்த பிறகே தெரியும். சோதிப்பது எளிது. விஎச்எஃப்பை 16-ஆம் சேனலில் வைத்து, இரைச்சல் அடங்கும் எல்லையில் ஸ்கெல்ச்சை (இரைச்சலை அடக்கும் திருகு) நிறுத்துங்கள். இப்போது அடாப்டரில் டேப்லெட்டைச் செருகுங்கள். இரைச்சல் திரும்ப வந்தால் அந்த அடாப்டரைத் தூக்கி எறியுங்கள்.

வெப்பம் இன்னும் பெரிய எதிரி. ஐபேடுக்குத் தயாரிப்பாளர் சொல்லும் சுற்றுப்புற வெப்ப எல்லை 35 டிகிரி செல்சியஸ். வெயிலில், மூடிய நீர்ப்புகா உறைக்குள், சார்ஜும் ஏறிக்கொண்டிருந்தால் சீக்கிரமே எல்லை தாண்டும். முதலில் திரை மங்கும், பிறகு சார்ஜ் நிற்கும், கடைசியில் வெப்ப எச்சரிக்கை மட்டும் வரும், வரைபடம் போய்விடும். இது நடப்பது பெரும்பாலும் துறைமுக வாயிலில், திரை அதிகம் தேவைப்படும் நேரத்தில். ஸ்ப்ரேஹூட் (அறை வாயிலுக்கு மேல் உள்ள துணிக் கூரை) நிழலில் பின்பக்கம் காற்றோடும்படி வையுங்கள், வெயில் நேரத்தில் சார்ஜ் ஏற்றாதீர்கள். சூடான டேப்லெட்டைக் குளிர்பெட்டியில் வைக்கவே கூடாது. உள்ளே ஈரம் கோத்துக்கொள்ளும்.

உப்புநீர்த் துளி திரையில் விழுந்தால் டேப்லெட் அதை விரலாக எடுத்துக்கொள்ளும். படம் தானாக நகரும், வழித்தடம் கலைந்து புள்ளி இடம் மாறும். ஐபேடில் கைடட் ஆக்சஸ் வசதியில் தொடுதலையே அணைத்து வைக்கலாம். ஐபி68 என்று போட்டிருப்பது நன்னீருக்கான சோதனை. உப்பு காய்ந்தால் சார்ஜ் துளை அரிக்கும். துளை ஈரமாக இருக்கும்போது மின்சாரம் கொடுத்தால் பின்கள் பச்சையாகிப் போகும். துளை கீழ்நோக்கி இருக்கும்படி மாட்டி, கேபிள் ஒரு வளைவாகத் தொங்கி மேலே ஏறும்படி விடுங்கள். அப்போது வடியும் நீர் வளைவிலேயே சொட்டிவிடும்.

ஸ்டாண்டுக்குத் துளை போடுவதற்கு முன் இரண்டு சோதனை. போலரைஸ்டு கூலிங் கிளாஸ் போட்டுக்கொண்டு திரையை நேராகவும் படுக்கையாகவும் பாருங்கள். சில திரைகள் ஒரு பக்கத்தில் கறுத்துவிடும். பிறகு டேப்லெட்டை உத்தேசித்த இடத்தில் பிடித்துக்கொண்டு திசைகாட்டி முள் அசைகிறதா பாருங்கள். டேப்லெட்டிலும் அதன் மூடியிலும் காந்தங்கள் இருக்கின்றன. முள் நகர்ந்தால் இடத்தை மாற்றுங்கள். தானியங்கிச் சுக்கானின் திசை உணர்வி இருக்கும் இடத்துக்கும் இதே விதி.

படகில் ஏற்கெனவே ஆழமானி, காற்றுமானி, ஏஐஎஸ் இருந்தால், என்எம்இஏ 2000 அல்லது 0183 (படகுக் கருவிகள் தகவல் பரிமாறும் முறைகள்) தகவலை வைஃபையில் அனுப்பும் கேட்வே ஒன்றைப் போடுங்கள். அதன் அமைப்பில், இணைப்புக்கு யுடிபி என்ற அனுப்பும் முறை நல்லது. ஒரே நேரத்தில் பல டேப்லெட், போன் கேட்கலாம். 'இந்த வைஃபையில் இணையம் இல்லை' என்று ஆண்ட்ராய்டு தானாகவே மொபைல் இணைப்புக்குத் தாவிவிடும், தகவலும் அறுந்துவிடும். இணைப்பிலேயே இருக்கவா என்று அது கேட்கும்போது 'இணைப்பிலேயே இரு' என்று சொல்லிவிட வேண்டும். இணையம் வழியாகக் கப்பல்களைக் காட்டும் செயலிகளை மோதல் தவிர்க்கப் பயன்படுத்தாதீர்கள். அவற்றில் தகவல் பல நிமிடம் பழசாக இருக்கும், கரை நிலையத்துக்கு எட்டாத கப்பல் வரவே வராது. படகிலேயே உள்ள ஏஐஎஸ் ரிசீவர்தான் கணக்கு. அதிலும் எல்லாப் படகும் தெரியாது, கண் வெளியில்தான் இருக்க வேண்டும்.

நங்கூரக் காவல் அலாரத்துக்கு (நங்கூரம் நழுவிப் படகு நகர்ந்தால் ஒலிப்பது) டேப்லெட் அருமையான கருவி. நங்கூரம் தரையைத் தொடும் கணத்திலேயே புள்ளியைக் குறியுங்கள். சங்கிலி விட்டு முடித்தபின் குறித்தால் வட்டத்தின் மையமே தவறு. 40 மீட்டர் சங்கிலி, 10 மீட்டர் படகு, ஜிபிஎஸ் தடுமாற்றத்துக்கு 10 மீட்டர்: ஆரம் 60 மீட்டர். திரையை அணைத்ததும் பேட்டரி சேமிப்பு வசதி செயலியைக் கொன்றுவிட்டால் அலாரம் சத்தமில்லாமல் செத்துப்போகும். அந்தச் செயலிக்கு மட்டும் பேட்டரி கட்டுப்பாட்டை நீக்கி, 'எப்போதும் இடம் அறியலாம்' என்று அனுமதி கொடுங்கள். ஆரத்தை 5 மீட்டராகக் குறைத்து, திரையை அணைத்துவிட்டு, டேப்லெட்டைக் கையில் எடுத்துக்கொண்டு கரையில் கொஞ்ச தூரம் நடந்து பாருங்கள். அலறினால் சரி.

புறப்படுவதற்கு முந்தின நாள் இதைக் கட்டாயம் செய்யுங்கள்: விமானப் பயன்முறையைப் போட்டு, வைஃபையையும் அணைத்து, டேப்லெட்டை முழுதாக நிறுத்தித் திரும்ப இயக்கி, போகிற துறைமுகத்தின் படத்தைப் பெரிதாக்குங்கள். இறங்காத வரைபடம், காலாவதியான சந்தா, திரும்ப உள்நுழையச் சொல்லும் செயலி எல்லாம் அப்போதே வெளியே வரும். தானியங்கிப் புதுப்பிப்பையும் நிறுத்திவிடுங்கள்.

இரண்டாவது கருவியாக அதே செயலி, அதே வரைபடங்களோடு ஒரு போன் போதும். இடி மின்னல் வந்தால் அதைப் படகின் அடுப்புப் பெட்டிக்குள் வைத்து மூடும் வழக்கம் உண்டு. உலோகப் பெட்டி ஓரளவு காப்பு. செயற்கைக்கோள் சமிக்ஞையே பொய் சொல்லும் இடங்களும் உண்டு. 2017 ஜூனில் கருங்கடலில் நோவோரோசிஸ்க் அருகே பல கப்பல்களின் ஜிபிஎஸ், அவற்றை நிலத்துக்குள் ஒரு விமான நிலையத்தில் காட்டியது. புள்ளி தாவுவது, வேகம் நம்ப முடியாத எண்ணாக மாறுவது, கடிகாரம் பிசகுவது இதன் அறிகுறிகள். ஆழமானி காட்டும் எண் வரைபடத்தின் ஆழத்தோடு, ஓதமும் சேர்த்து, பொருந்துகிறதா என்று உடனே பாருங்கள். கரையோரம் என்றால் கைத் திசைகாட்டியில் இரண்டு அடையாளங்களின் திசை எடுத்தாலே இடம் தெரிந்துவிடும்.

மணிக்கொரு முறை இடம், நேரம், திசை, வேகம், ஆழம் ஐந்தையும் பென்சிலால் நோட்டில் எழுதுங்கள். கரையை ஒட்டி, பாறைகளுக்கு நடுவே போகும்போது 15 நிமிடத்துக்கு ஒருமுறை. திரை அணைந்த பிறகு, 5 நாட் வேகத்தில் 12 நிமிடத்துக்கு ஒரு கடல் மைல் என்று கணக்குப் போட்டு வெளியே வர அந்தக் கடைசி வரி போதும்.