படம் பார்க்கப் படித்திருக்க வேண்டுமா?

(ஓவியம், கண்காட்சி குறித்த வாசகர் கேள்விகளுக்கு, கும்பகோணத்தைச் சேர்ந்த ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியை பதிலளிக்கிறார்.)

டீச்சர், எங்கள் தெருவில் ஒரு பழைய வீட்டைச் சிறிய ஓவியக் கூடமாக மாற்றியிருக்கிறார்கள். வாசல் வரை போய்விட்டுத் திரும்பிவிடுகிறேன். ஓவியம் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. உள்ளே போனால் ஏதாவது வாங்கியாக வேண்டுமா?
– வாசகர், மன்னார்குடி

வாங்க வேண்டியதில்லை. தாராளமாகப் போங்கள். நாங்கள் சிலர் சேர்ந்து நடத்தும் கூடமும் இப்படித்தான், திண்ணை, ரேழி, முற்றம் என்று ஒரு பழைய வீடு. வருகிறவர்களில் பாதிப்பேர் முதலில் திண்ணையில் உட்கார்ந்து செருப்பைக் கழற்றலாமா வேண்டாமா என்று யோசிப்பார்கள். உள்ளே இருப்பவர் "வாங்க" என்று சொன்னால் போதும், தயக்கம் போய்விடும். யாரும் சொல்லாவிட்டாலும் போங்கள். பொது ஜனம் வருவதற்காகத்தானே திறந்து வைத்திருக்கிறார்கள்.

முதலில் ஒரு சுற்று வேகமாகச் சுற்றி வந்துவிடுங்கள். எல்லாப் படத்தின் முன்னாலும் ஒரே அளவு நேரம் நிற்க வேண்டும் என்று சட்டம் இல்லை. எது உங்களை நிறுத்தியதோ அதனிடம் மட்டும் திரும்பி வாருங்கள். பத்தடி தள்ளி நின்று பாருங்கள், அப்புறம் ஒரு முழ தூரத்தில் நின்று பாருங்கள். தள்ளி நிற்கும்போது தண்ணீராகத் தெரிந்தது, கிட்டே போனால் நாலு நீலக் கோடும் விட்டுவைத்த வெள்ளைத் தாளுமாக இருக்கும். அதைக் கண்டுபிடிப்பதே பெரிய சந்தோஷம். தோளில் பை இருந்தால் முன்பக்கம் பிடித்துக்கொள்ளுங்கள், திரும்பும்போது படத்தில் இடிக்கும். விரலால் தொட வேண்டாம். கையின் எண்ணெய்ப் பிசுக்கு நாளடைவில் கறையாகிவிடும்.

தெரியாது என்கிறீர்களே, ஒன்று சொல்கிறேன். எங்கள் கூடத்தில் ஒரு பெண் வரைந்த காவிரிப் படித்துறைப் படம் மாட்டியிருந்தது. டவுன் பஸ் நடத்துநர் ஒருவர் பணி முடிந்து காக்கிச் சட்டையோடு வந்தார். வெகுநேரம் பார்த்துவிட்டு, "அஞ்சாவது படி உடைஞ்சு ஒரு பக்கம் சரிஞ்சிருக்குமே, இதுல நேரா இருக்கே" என்றார். வரைந்த பெண் அப்போது அங்கேதான் இருந்தாள். இரண்டு பேரும் அந்தப் படியைப் பற்றி அரைமணி நேரம் பேசினார்கள். அவருக்கும் ஓவியம் தெரியாதுதான். படித்துறை தெரியும். நீங்களும் உங்களுக்குத் தெரிந்ததை எடுத்துக்கொண்டு போங்கள்.

சில படங்களில் அடையாளம் காண எதுவுமே இருக்காது. அதற்கும் மிரள வேண்டாம். சென்னைப் பக்கம் போனால் ஈஞ்சம்பாக்கம் சோழமண்டலம் ஓவியர் கிராமத்தைப் பாருங்கள். அங்குள்ள மெட்ராஸ் ஓவிய இயக்கத்துக்கான (சென்னையில் வளர்ந்த நவீன ஓவியப் போக்குக்கு அந்தப் பெயர்) அருங்காட்சியகம் 2009இல் திறக்கப்பட்டது. அந்தக் கிராமத்தை நிறுவிய கே.சி.எஸ். பணிக்கர் 'சொற்களும் குறியீடுகளும்' என்றொரு வரிசை வரைந்தார். பரப்பு முழுக்கப் பொடிப்பொடியாக எழுத்து, நடுவே ஜாதகக் கட்டம் போலக் கட்டங்கள். நம் எழுத்து மாதிரியே தோன்றும், ஆனால் படிக்க வராது. பாட்டியின் பெட்டியிலிருந்து எடுத்த பழைய ஜாதக ஏட்டைப் பார்ப்பது போலப் பாருங்கள். அதில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே நாம் பார்த்துக்கொண்டிருப்போம் இல்லையா?

எனக்கு 52 வயது. பிள்ளைகள் வேலைக்குப் போன பிறகு வாட்டர் கலர் கற்றுக்கொண்டேன். மொட்டை மாடியிலிருந்து தெரியும் கோபுரம், குளம், பக்கத்து வீட்டு ஓடு என்று நிறைய வரைந்து வைத்திருக்கிறேன். ஊர் ஓவியக் கூடத்தில் குழுக் கண்காட்சி நடத்தப்போகிறார்களாம். கலந்துகொள்ளலாமா? "இதில் காசு வருமா" என்று கணவர் கேட்கிறார்.
– வாசகி, சிதம்பரம்

அவசியம் கலந்துகொள்ளுங்கள் அம்மா. மொட்டை மாடியிலிருந்து நீங்களே பார்த்து வரைந்தது என்பதுதான் இதில் எனக்குப் பிடித்த விஷயம். போனில் கிடைத்த சினிமா நட்சத்திரத்தின் போட்டோவைக் கட்டம் போட்டுப் பெரிதாக்கிக் கொண்டுவருகிறவர்கள் நிறைய. பழகுவதற்கு அது சரி, கண்காட்சியில் வைக்க வேண்டாம் என்றே சொல்வேன். உங்கள் வீட்டு மாடியிலிருந்து தெரியும் ஓடு வேறு யாருக்கும் கிடைக்காது.

இருப்பதை எல்லாம் அள்ளிக்கொண்டு போகாதீர்கள். ஒன்றோடொன்று சேர்ந்து நிற்கக்கூடிய நாலைந்து படம் போதும். ஓடுகளை மட்டும் எடுத்துக்கொண்டாலே அழகான வரிசையாக அமையும்.

அடுத்தது ஃப்ரேம். இங்கேதான் நிறையப் பேர் படத்தைக் கெடுத்துக்கொள்கிறார்கள். கண்ணாடி படத்தை நேரடியாகத் தொடக்கூடாது. இடையில் படத்தைச் சுற்றி இரண்டு அங்குல அகலத்துக்கு மவுண்ட் போர்டு என்கிற தடித்த அட்டையை வெட்டிப் போடச் சொல்லுங்கள். தாளும் கண்ணாடியும் ஒட்டியிருந்தால், ஐப்பசி மழையில் உள்ளே ஈரம் கோர்த்துப் பூஞ்சை பிடிக்கும், வண்ணம் கண்ணாடியில் ஒட்டிக்கொள்ளும். அப்புறம் பிரிக்க முடியாது. படத்தின் பின்னால் செலோ டேப் ஒட்ட விடாதீர்கள், சில வருடங்களில் பழுத்துத் தாளில் மஞ்சள் கறையை விட்டுவிடும். மேலே நடுவில் ஒற்றைக் கொக்கி வைத்தால் படம் எப்போதும் சாய்ந்துகொண்டே இருக்கும். பின்பக்கம் மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு இறக்கி, இரண்டு ஓரத்திலும் வளையம் வைத்துக் கம்பி கட்டச் சொல்லுங்கள். ஃப்ரேம் கடைக்காரர் "எல்லாருக்கும் இப்படித்தான் போடுறோம்" என்பார். பக்கத்தில் நின்று செய்து வாங்குங்கள். தங்க நிறப் பூ வேலைச் சட்டம் வேண்டாம், மெல்லிய மரச்சட்டம் போதும்.

படத்தின் பக்கத்தில் ஒட்டும் சீட்டில் உங்கள் பெயர், தலைப்பு, எதில் வரைந்தது, அளவு, வருடம், விலை எல்லாம் இருக்கட்டும். விற்க மனமில்லாத படத்துக்கு 'விற்பனைக்கு அல்ல' என்று போடுவதில் தவறே இல்லை. விலை வைத்தால் தாள், வண்ணம், ஃப்ரேம் செலவோடு உங்கள் உழைப்பையும் சேர்த்துக் கணக்கிடுங்கள். சொந்தக்காரர் கேட்டாலும் வெளியாள் கேட்டாலும் அதே விலைதான். விற்றால் கூடத்துக்கு எவ்வளவு கமிஷன், படம் சேதமானால் யார் பொறுப்பு, எப்போது திரும்ப எடுத்துப் போக வேண்டும் என்பதை முன்கூட்டியே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள். நல்லவர்களாக இருந்தாலும் எழுத்தில் வேண்டும்.

உங்கள் கணவரின் கேள்வி நியாயமானதுதான். முதல் கண்காட்சியிலேயே ஃப்ரேம் செலவு திரும்பினால் அதுவே நல்ல விஷயம். அவரையும் திறப்பு விழாவுக்கு அழைத்துப் போங்கள். முன்பின் தெரியாத ஒருவர் உங்கள் படத்தின் முன்னால் நிற்பதை அவர் தள்ளியிருந்து பார்க்கட்டும்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்வேன். படத்தை மாட்டிவிட்டு, திறப்பு விழாவில் போட்டோ எடுத்துக்கொண்டு, கடைசி நாள் வந்து கழற்றிக்கொண்டு போகாதீர்கள். அரை நாளாவது அங்கே போய் உட்காருங்கள். பூட்டைத் திறப்பது, தரையைப் பெருக்குவது, வருகிறவருக்குத் தண்ணீர் கொடுப்பது, அடுத்தவர் படத்தைப் பற்றிக் கேட்டால் தெரிந்ததைச் சொல்வது எல்லாம் சேர்ந்ததுதான் கலந்துகொள்வது. எங்கள் கூடத்தில் உட்கார ஆள் இல்லாத வாரங்களில் கதவையே திறக்க முடியாமல் போயிருக்கிறது. காசில்லாமல் ஒரு கூடத்தை ஓட்டிவிடலாம், ஆள் இல்லாமல் முடியவே முடியாது.

கண்காட்சியில் செல்போனில் படம் பிடிக்கலாமா?
– வாசகர், தஞ்சாவூர்

கேட்டுவிட்டு எடுங்கள். ஃப்ளாஷ் வேண்டாம். பிறருக்கு அனுப்பும்போது ஓவியரின் பெயர் எழுதிய சீட்டும் தெரிகிற மாதிரி எடுத்து அனுப்புங்கள்.

எங்கள் ஊரில் இப்படி ஒரு இடமே இல்லை. நண்பர்கள் ஆறு பேர் சேர்ந்து ஒரு கூடம் தொடங்க நினைக்கிறோம். கையில் பணம் இல்லை. நடக்கிற காரியமா?
– வாசகர், அறந்தாங்கி

நடக்கும் தம்பி. சோழமண்டலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். 1966இல் பணிக்கரும் அவரிடம் படித்த இளைஞர்களும் அதைத் தொடங்கியபோது அவர்கள் பின்னால் பணக்காரர் யாரும் நிற்கவில்லை. பாத்திக் துணி (மெழுகால் வரைந்து சாயம் ஏற்றுவது), கைவினைப் பொருட்கள் செய்து விற்ற காசில்தான் அந்தக் கடற்கரை மணலில் நிலம் வாங்கினார்கள். பிழைப்புக்குக் கைவினை, மற்ற நேரத்தில் தங்கள் ஓவியம், சிற்பம் என்று வைத்துக்கொண்டார்கள். உங்களுக்கு நிலம்கூட வேண்டாம். நூலகத்து மாடி, பள்ளிக்கூட வகுப்பறை, கல்யாணமில்லாத மாதத்தில் சமுதாயக் கூடம் என்று எங்காவது ஒரு வாரத்துக்குக் கேளுங்கள்.

சுவருக்குப் பளபளப்பில்லாத வெள்ளை அடியுங்கள். படத்துக்குப் படம் ஆணி அடித்தால் கட்டடக்காரர் அடுத்த முறை இடம் தர மாட்டார். மேலே நீளவாக்கில் ஒரு மரச்சட்டம் பொருத்தி அதிலிருந்து கம்பியில் தொங்கவிடுங்கள். படத்தின் நடுப்பகுதி தரையிலிருந்து 57 முதல் 60 அங்குலம் உயரத்தில் இருந்தால் நின்று பார்க்கிற பெரியவர்களுக்குச் சரியாக இருக்கும். ஒரு சுவரை மட்டும் குழந்தைகளுக்காக இறக்கி மாட்டுங்கள். வெயில் விழும் சுவரில் வாட்டர் கலர் கூடவே கூடாது, வண்ணம் வெளுத்துவிடும். ஆறு பேரில் யார் எந்த நாள் உட்காருவது, சாவி யாரிடம் என்று முதலிலேயே எழுதிச் சுவரில் ஒட்டிவிடுங்கள்.

முதல் கண்காட்சிக்குப் பெரிய பெயர்களைத் தேடி அலைய வேண்டாம். ஃப்ளெக்ஸ் வந்த பிறகு வேலை இழந்த சைன்போர்டு ஓவியர் ஒருவராவது உங்கள் ஊரில் இருப்பார். கடைப் பலகை, கட்சிச் சுவர், லாரியின் பின்கதவு என்று ஊர் முழுக்க எழுதியவர்கள் அவர்கள். அவர் வீட்டில் பழைய பலகைகள் கிடந்தால் துடைத்து மாட்டுங்கள். ஞாயிறு காலையில் அவரை உட்காரவைத்து, அளவுகோல் இல்லாமல் 'ழ' எழுதுவதை எல்லோரும் பார்க்கட்டும். அன்றைய கூலியை வேலை தொடங்கும் முன்னாலேயே அவர் கையில் கொடுத்துவிடுங்கள்.