அறுபதைத் தாண்டிய பிறகும் சபை ஊழியத்தில் உண்மையாக, சுறுசுறுப்பாக நிலைத்திருப்பது எப்படி?

கேள்வியைப் பார்த்ததுமே தோன்றியது, உங்களை யாரோ ஒரு பொறுப்பிலிருந்து நகர்த்தியிருக்கிறார்கள். ஓய்வுநாள் பள்ளியோ, கமிட்டியோ, பாடகர் குழுவோ, ஏதோ ஒன்று. இல்லாவிட்டால் இதைக் கேட்கமாட்டீர்கள். என் ஊகம் தப்பாக இருந்தால் மன்னியுங்கள். எனக்கு அப்படித்தான் நடந்தது.

நான் பெங்களூர் கன்டோன்மென்ட் பக்கம். தொலைபேசிக் கருவிகள் செய்யும் அரசு நிறுவனமான ஐடிஐயில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள். தூரவாணி நகரில் ஷிஃப்ட் முடித்து, சாப்பிடாமல்கூட பாட்டுப் பயிற்சிக்கு ஓடியிருக்கிறேன். கல்யாணத்துக்கு முன்பிருந்தே சோப்ரானோ, அதாவது பெண்களில் உச்சக் குரல். ஐம்பதுக்கு மேல் உச்ச சுரங்கள் எட்டவில்லை. மாதவிடாய் நின்ற பிறகு ஹார்மோன் குறைவதால் பெண்களின் குரல் கொஞ்சம் இறங்கும் என்று டாக்டர் சொன்னார். சரி என்று அதற்குக் கீழே பாடும் ஆல்டோவுக்கு மாறினேன். அப்புறம் காது. வயதாகும்போது உச்ச ஒலிகள்தான் முதலில் மங்குமாம். பக்கத்தில் இருப்பவர் பாடுவது கேட்காவிட்டால் நாலு குரல் பாட்டில் எப்படிச் சேருவது?

ஒரு கிறிஸ்துமஸுக்கு முன்னால் புதிதாக வந்த பாடகர் குழுத் தலைவர், என் பேரன் வயது இருக்கும், "ஆன்ட்டி, இனிமே நீங்க முன் வரிசையில உட்கார்ந்து எங்களுக்காக ஜெபம் பண்ணுங்க" என்றார். ஜெபம் பண்ண இவர் எனக்குப் பதவி தர வேண்டுமா? கொஞ்ச நாள் அந்தப் பையன் முகத்தையே பார்க்கவில்லை. ஆனால் பாட்டைப் பொறுத்தவரை அவர் சொன்னது சரி, அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஆறுதல் சொல்ல வந்தவர்கள் எல்லாரும் காலேபையே கூட்டிக்கொண்டு வந்தார்கள். வேதாகமத்தில் யோசுவாவிடம் 85 வயதில் மலைநாட்டைத் தன் பங்காகக் கேட்டவர். அவருக்கு 40 வயதில் இருந்த பலம் அப்படியே இருந்தது என்று அவரே சொல்கிறார். எனக்கு இரண்டு முழங்காலும் தேய்ந்துபோயிருக்கிறது. எனக்குப் பிடித்தவர் 2 சாமுவேலில் வரும் பர்சிலா. மகன் அப்சலோமுக்குப் பயந்து ஓடிவந்த தாவீது ராஜாவுக்கு மக்னாயீமில் படுக்கையும் கோதுமையும் பயறும் தேனும் கொண்டுவந்தவர்களில் ஒருவர். பிறகு ராஜா எருசலேமுக்கு அழைத்தபோது, எனக்கு 80 வயது, சாப்பாட்டில் ருசி தெரியவில்லை, பாடுகிறவர்களின் சத்தமும் கேட்காது, உமக்கு ஏன் பாரமாக இருக்கவேண்டும் என்கிறார். தனக்குப் பதிலாகக் கிம்காம் என்பவரை அனுப்பிவைக்கிறார். முறுக்கிக்கொள்ளவில்லை, ஒதுங்கி அழவுமில்லை. எண்ணாகமம் 8-ஐயும் பாருங்கள். ஆசரிப்புக் கூடாரத்தில் ஊழியம் செய்த லேவியர் 50 வயதில் அதன் பாரமான வேலையை விட்டுவிட வேண்டும், ஆனால் சகோதரரோடு காவல் காக்கலாம். வேலையை மாற்றித் தந்தார்கள், கணக்கிலிருந்து எடுத்துவிடவில்லை.

"லூக்கா 2-இல் வரும் அன்னாள் 84 வயதிலும் ஆலயத்தை விட்டு நீங்கவில்லையே" என்று யாராவது உடனே எழுதுவார்கள். தெரியும். அன்னாள் உபவாசமும் ஜெபமும் செய்தார், எந்தக் கமிட்டியிலும் இல்லை.

நான் செய்ததைச் சொல்கிறேன், பெருமைக்கு அல்ல. ஆலயத்துக்கு வர முடியாமல் படுக்கையில் இருப்பவர்கள் எங்கள் சபையில் நிறைய. ஐயர், அதாவது எங்கள் போதகர், அவர்கள் வீட்டுக்கே போய்த் திருவிருந்து (அப்பமும் ரசமும்) கொடுக்கிறார், ஆனால் அவருக்கு எத்தனை வீடு! நான் பாட்டுப் புத்தகத்தோடு போக ஆரம்பித்தேன். அங்கே சோப்ரானோ தேவையில்லை, இறங்கின குரலே போதும். ஒரு பெரியம்மாவுக்கு மறதி நோய், பெற்ற மகளையே "யாரு நீ" என்பார். வேதநாயக சாஸ்திரியார் கீர்த்தனை ஒன்றைப் பாடினேன். பல்லவி முடிவதற்குள் கையைத் தட்டி நிறுத்தி, "ஏன் இப்படி ஓடுற? எங்க ஊர்ல இழுத்துப் பாடுவோம்" என்று திட்டிவிட்டு, சரணம் மூன்றையும் தானே பாடினார். பழகிய பாட்டு மறதி நோயிலும் கடைசிவரை தங்குவதுண்டு என்று பிறகு தெரிந்துகொண்டேன். மகள் அடுக்களையில் நின்று அழுதாள். எனக்கோ அந்த மெட்டைச் சரியாகக் கற்றுக்கொள்ள வேண்டும் என்றுதான் இருந்தது.

ஒன்றைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. ஹென்னூர், ஒயிட்ஃபீல்டு பக்கம் இந்தப் பெரிய அபார்ட்மென்ட்கள். கேட்டில் செக்யூரிட்டி ஆப்பில் அனுமதி வரணும் என்பார். உள்ளே படுத்திருப்பவர் 88 வயது, மகன் ஆபீஸில் மீட்டிங்கில், போனை யார் அழுத்துவது? வெயிலில் நிற்க வைத்துவிட்டு, சாப்பாடு கொண்டுவரும் பையனை இரண்டு நிமிடத்தில் உள்ளே விடுகிறார்கள். வேதாகமத்தைக் காட்டினால் மதம் பரப்ப வந்தவள் என்று ஒரு பார்வை வேறு. எங்கள் சபை மெம்பரைப் பார்க்கக்கூடவா விளக்கம் சொல்லவேண்டும்? 2023 ஜூனிலிருந்து கர்நாடகத்தில் பெண்களுக்கு சாதாரண பஸ் இலவசம். அது இல்லாவிட்டால் பென்ஷனில் இவ்வளவு தூரம் போகவும் முடியாது. இலவசம் என்று கேலி செய்பவர்கள் செய்துகொள்ளட்டும்.

நடக்கவே முடியாவிட்டால்? அயர்லாந்து மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1895-இல் இந்தியா வந்து முதலில் ஊழியம் செய்தது எங்கள் பெங்களூரில்தான், பிறகுதான் திருநெல்வேலிச் சீமை. 1931-இல் விழுந்து அடிபட்ட பிறகு, 1951-இல் இறக்கும்வரை டோனாவூரில் பெரும்பாலும் அறைக்குள்ளேயே இருந்தார். அங்கிருந்தே புத்தகங்களும் கடிதங்களும் எழுதினார். அவரோடு நம்மை ஒப்பிடச் சொல்லவில்லை, நமக்குப் போன் இருக்கிறதே என்கிறேன்.

உங்கள் ஐயரிடம் கேட்டு வீட்டோடு இருப்பவர்களின் பெயர்களை வாங்குங்கள். மாடிப்படி இல்லாத வீடாகப் பார்த்து ஆரம்பியுங்கள். போகும் முன் மகளுக்கோ மருமகளுக்கோ போன் செய்து, குளிப்பாட்டும் நேரமும் மருந்து நேரமும் எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள். அரைமணிக்கு மேல் உட்காராதீர்கள், காபி போடவேண்டுமே என்று அவர்கள் தவிப்பார்கள். வேதாகமம் பெரிய எழுத்தில் உள்ளதாக இருக்கட்டும், அவர்களுக்கும் சரி, உங்களுக்கும் சரி. அந்தக் கேட் ஆப்பில் பெயரை முன்கூட்டியே போட்டுவைக்கச் சொல்லிவிடுங்கள்.